தங்கச்சியோட ஆய்வேடு கிடைச்சிருச்சு

ரெண்டு நாளா சரியா தூங்கலை. தங்கச்சியோட ஆய்வேடு முழுக்க அவ லேப்டாப்ல, விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுற உபுண்டுல (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) இருந்துச்சு. சார்ஜ் தீர்ந்து லேப்டாப் பட்டுனு அணைஞ்சதுல இருந்து உள்ள ஓடுற அந்த மெஷின் கிளம்பவே மாட்டேன்னுடுச்சு. "மூணு வருஷ உழைப்புண்ணா"ன்னு போன்ல அழுதா.

மெஷின் கிளம்பலைன்னாலும் அதோட வட்டு (டிஸ்க்) லேப்டாப்ல இருக்குற வெறும் ஃபைல்தான். பேரு விடிஐன்னு முடியும். ஆனா அவ நடுவுல ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினோட அப்போதைய நிலையை அப்படியே சேமிச்சு வைக்கிறது) எடுத்திருந்தா. அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் 'ஸ்னாப்ஷாட்ஸ்' ஃபோல்டர்ல தனி ஃபைலா சேரும். பெரிய விடிஐயை மட்டும் தூக்கிட்டு வந்தா பழைய ஆய்வேடுதான் கிடைக்கும். (பலர் இழக்குறது இங்கதான்.) அதனால மெஷின் ஃபோல்டரையே முழுசா வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்தேன். மூலத்தைத் தொடலை.

என் லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ்ல அந்தக் காப்பியைச் சேர்த்து, உபுண்டு ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கோட ஃபைல் வடிவம்) அந்த மெஷினோட சிடி டிரைவ்ல மாட்டி, இன்ஸ்டால் பண்ணாம சும்மா ஓட்டிப் பார்க்குற 'ட்ரை'ல ஏத்தினேன். பழைய வட்டு பக்கத்துலயே தெரிஞ்சுது. ஹோம் ஃபோல்டரைத் திறக்குறப்போ கை நடுங்குச்சு.

6 அத்தியாயமும் இருக்கு. கடைசியா அன்னிக்கு மதியம் எழுதின பக்கம் வரைக்கும்.

போன்ல சொன்னேன். ரெண்டு பேருக்குமே கொஞ்ச நேரம் பேச்சு வரலை.