திரும்பி வரும் ஜோடி யார் கணக்கில்?

பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த ஆம்பூரில், காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். இணையவழி விற்பனையைத் தொடங்க விரும்பிய எங்கள் முதலாளி, மேலாளர்கள் நால்வரை அழைத்துக் கருத்துக் கேட்டார். மூவர் உடனே இசைந்தனர். சரக்கு அனுப்பும் பிரிவின் மேலாளர் மட்டும், "செய்துவிடலாம் முதலாளி, ஆனால் திரும்பி வரும் ஜோடியை யார் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டார். புதியதைக் கண்டு அஞ்சுகிறார் என்றே அன்று நானும் நினைத்தேன். அது என் தவறு.

எங்கள் ஊர் வணிகம் மொத்தமாக நடப்பது. வெளிநாட்டு வாடிக்கையாளர் மாதிரிக்கு ஒப்புதல் தந்து ஆர்டர் கொடுத்த பின், தோலை வெட்டி, மேற்பாகம் தைத்து, லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சில் ஏற்றி, அடிப்பாகம் ஒட்டி, பெட்டிகளில் அடுக்கிக் கன்டெய்னரில் ஏற்றிவிட்டால் மேலாளரின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். இணையத்திலோ ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனி ஆர்டர். எட்டாம் எண் இறுக்கமாக இருக்கிறதென்று ஒருவர் திருப்பி அனுப்பினால், அடிப்பாகத்தில் மண் ஒட்டியிருக்கிறதா, பெட்டி கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, விற்ற தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போட்டு, விற்பனைத் தளம் ஜி.எஸ்.டி.யின் கீழ் பிடித்த டி.சி.எஸ். எனும் முன்பிடிப்பு வரித் தொகையையும் சரிபார்க்க வேண்டும். இத்தனையையும் சுமக்கப்போகிறவரின் திறமையை நாங்கள் எதைக்கொண்டு அளந்து வந்தோம்? கன்டெய்னர் குறித்த நாளில் கிளம்பியதா என்பதைக்கொண்டு மட்டுமே.

ஒரு தொழில்நுட்பம் தம் வேலைக்குப் பயன்படும், கையாள எளிது என்று நம்புகிறவர்களே அதை ஏற்கிறார்கள் என்று 1989இல் தகவல் தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய்ந்த பிரெட் டேவிஸ் விளக்கினார். அது சரிதான், ஆனால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பயனும் மேலாளருக்குக் கிடைக்கும் பயனும் ஒன்றல்ல. எங்கள் அனுபவத்துக்கு, புதுமைகள் பரவும் விதத்தை ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962இல் முன்வைத்த கருத்துகள் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. பழகிய நடைமுறையோடு ஒத்துப்போகும் புதுமையும், சிறிய அளவில் சோதித்துப் பார்க்கக்கூடிய புதுமையும் விரைவில் பரவும் என்றார் அவர். கன்டெய்னர் கணக்கில் பழகியவரிடம் ஒற்றை ஜோடியைக் கொடுத்து, அதையும் ஒரே நாளில் முழுமையாகத் தொடங்கச் சொன்னால், இரண்டுமே அடிபட்டுப் போகின்றன.

பயிற்சி வகுப்பு நடத்தினால் மேலாளர்களின் மனம் மாறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கணினியை இயக்க அது உதவும். இழப்பு யாருடையது என்ற கேள்விக்கு நிர்வாகம்தான் விடை சொல்லியாக வேண்டும்.

எங்கள் முதலாளி அந்த விடையைச் சொன்னார். திரும்பி வரும் சரக்குக்குத் தனிக் கணக்குத் தலைப்பு திறக்கப்பட்டது. அந்த இழப்பு அனுப்பும் பிரிவின் செலவில் சேராது என்று எழுத்திலேயே கொடுத்தார். முதல் மூன்று மாதங்களுக்கு ஒரே ஒரு செருப்பு மாடலை மட்டும் விற்றோம். இரண்டாம் மாதத்தில், எண்ணோடு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரிலும் போட்டு, காகிதத்தில் கால் வைத்து அளக்கும் முறையைத் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்து கொடுத்தவர், அதே மேலாளர்தான்.