கருவாட்டுக் கடையும் கூகுளும்: மண்டபத்து நாட்குறிப்பு

ஏப்ரல் 18, 2025

ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை அவை கரையில்தான். நாட்டுப்படகுகள் கொண்டுவருவதுதான் இப்போது மீன். கருவாடு காயப்போடும் களத்தில் வேலை குறைந்ததால் அத்தைக்குத் தன் கடையின் இணையதளம் நினைவுக்கு வந்திருக்கிறது. "காசு கொடுத்துப் போட்டதுதானே தம்பி, ஒருத்தர்கூட அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்யவில்லையே" என்கிறார்.

கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைப் போட்டுத் தேடினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பத்தாம் பக்கத்தில் கிடந்தால் மேலே ஏற்றுவதைப் பற்றிப் பேசலாம்; இது பட்டியலிலேயே இல்லை. தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறது. தளம் கட்டும்போது போட்டு வைப்பார்கள், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கட்டியவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், டிக் மட்டும் நின்றுவிட்டது. அதை எடுத்தேன். தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பையும் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 25

பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். விலைப்பட்டியல் என்ற பக்கத்தில் கடைப் பலகையைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்து என்று அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வாளை என்ன விலை, திருக்கை என்ன விலை என்று தேடுபவரிடம் கூகுள் இதை எதை நம்பிக் காட்டும்? எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பக்கம்.

தளத்தின் மறைவான பகுதியில், குறிச்சொற்கள் என்ற பெயரில் 'கருவாடு' என்ற சொல்லை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாக எழுதி நிரப்பியிருந்தார்கள். தரவரிசைக்கு அந்தக் குறிச்சொற்களைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அழித்தேன்.

படங்கள் இன்னொரு தலைவலி. கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் பல எம்பி. பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் நல்லது என்று வைத்திருக்கும் அளவு. களத்தில் நின்று என் போனில் திறந்தேன். அத்தை ஒரு கூடை நெத்திலியைக் கொட்டிப் பரப்பி முடித்த பிறகுதான் படம் முழுதாக வந்தது. எடை குறைந்த வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றி, அகலத்தையும் குறைத்த பிறகு பரவாயில்லை.

மே 2

ஒரு நிறுவனத்திலிருந்து போன். முப்பதே நாளில் முதல் பக்கம், முதல் இடம், எழுத்து மூலம் உத்தரவாதம். எப்படி என்று கேட்டேன். ஐயாயிரம் தளங்களிலிருந்து நம் தளத்தைச் சுட்டும் இணைப்பு வாங்கித் தருவார்களாம். போதாதென்று, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஆளுக்கொரு பக்கமாம்.

இணைப்பை விலைக்கு வாங்கி மேலே ஏறியவர்களைக் கீழே தள்ளத்தான் கூகுள் 2012-ல் பெங்குவின் என்ற மாற்றத்தையே கொண்டுவந்தது. ஊர்ப்பெயர் மாற்றிய பக்கங்களையும் அதன் விதிகள் ஏமாற்று வேலை என்றே சொல்கின்றன. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு மட்டும் அந்த உத்தரவாதத்தின் மேல் ஒரு கண். "எழுதித் தருகிறேன் என்கிறானே மாப்பிள்ளை" என்று இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 11

அத்தையின் போனுக்கு வரும் அழைப்புகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை செய்ததில் உருப்படியான வேலை இதுதான். தளத்தின் முகப்பில் பாரம்பரியம், தரம், நம்பிக்கை என்று மூன்று பத்தி இருக்கிறது. போனில் ஒருவர்கூட அதைக் கேட்பதில்லை.

நெத்திலியில் மண் இருக்குமா? தலை கிள்ளியதா, கிள்ளாததா? உப்பு தூக்கலாக இருக்குமா? அடுக்குமாடியில் இருக்கிறோம், பார்சல் நாறினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், எப்படிக் கட்டி அனுப்புவீர்கள்? ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் சுறா வேண்டும், எப்படிச் சமைப்பது?

அத்தையின் பதில்கள் தயங்காமல் வரும். "மேடை கட்டி, மேலே வலை விரித்துக் காயப்போடுகிறோம். கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் கொஞ்சம் மணல் பறக்கும், அப்போது ஒரு தண்ணீர் கூடுதலாக அலசிக்கொள்ளுங்கள்." இதை அப்படியே நெத்திலிப் பக்கத்தில் எழுதினேன். மணல் பறப்பதை நாமே எழுதலாமா என்று மாமா கேட்டார். வாங்கியவர் பல்லில் கடிபட்டுத் தெரிந்துகொள்வதைவிட நல்லதுதானே! பக்கத்தின் தலைப்பையும் மாற்றினேன்: 'மேடையில் காயவைத்த நெத்திலிக் கருவாடு, மண்டபம்'. முன்பு எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு, 'முகப்பு'.

பால் சுறா பக்கத்தில்தான் நிறைய யோசித்தேன். தாய்ப்பால் சுரக்கும் என்று கடலோரத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதை மருந்து மாதிரி எழுத எனக்கு மனமில்லை. உடல்நலம் பற்றிய பக்கங்களைக் கூகுளும் கூடுதல் கண்டிப்போடுதான் மதிப்பிடுகிறது. நம் பக்கத்து வழக்கம் இது என்று சொல்லி, அத்தை புட்டு செய்யும் முறையை விரிவாக எழுதினேன்: கருவாட்டை ஊறவைத்து, உப்பை இறக்கி, வேகவைத்துத் தோலுரித்து உதிர்ப்பதிலிருந்து பூண்டு எவ்வளவு போடுவது என்பது வரை. உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் கீழே போட்டாயிற்று.

மே 23

கூகுள் வரைபடத்தில் நம் கடையைத் தேடினேன். யாரோ வைத்த குறி வடக்கே பாக் விரிகுடாவுக்குள், தண்ணீரில் நிற்கிறது. கரைக்கு இழுத்து வந்தேன். திறக்கும் நேரம், கடை வாசலின் படம், தளத்தின் முகவரி எல்லாம் சேர்த்தேன். பக்கத்தில் இருப்பவர் தேடும்போது பொருத்தம், தூரம், கடைக்கு இருக்கும் பிரபலம் இந்த மூன்றையும் வைத்துத்தான் கடைகளைக் காட்டுகிறார்கள். தூரம் நமக்குச் சாதகம். ராமேசுவரம் போகும் வண்டி எல்லாம் இந்த வழிதான். போகும்போது கருவாட்டின் பக்கம் திரும்பமாட்டார்கள், தரிசனம் முடிந்து திரும்பும்போது நிறுத்துவார்கள்.

ஐந்து நட்சத்திரம் போட்டால் கால் கிலோ சென்னாகுனி (பொடி இறால்) இலவசம் என்று அறிவிக்கலாமே என்று மாமா யோசனை சொன்னார். பொருள் கொடுத்து மதிப்புரை வாங்குவது விதிக்குப் புறம்பு. வாங்கிப் போகிறவரிடம் வாய்விட்டுக் கேட்டால் போதும் என்றேன். அத்தைக்குக் கேட்கக் கூச்சம். மாமாவுக்கு இல்லை.

ஜூன் 17

படகுகள் கடலுக்குப் போய்விட்டன, களம் நிறைந்திருக்கிறது. உட்கார நேரமில்லை. சர்ச் கன்சோலை மட்டும் பார்த்தேன். பால் சுறா புட்டு என்று தேடித் தளத்துக்கு வருகிறார்கள். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள், அவர்களுக்கும் பக்கம் கிடைக்கிறது. வெறும் 'கருவாடு' என்று தேடினால் நாம் எங்கோ பின்னால்தான். அதற்குப் பெரிய கடைகளோடு மோத வேண்டும். வேண்டாம்.

ஜூலை 5

நெத்திலிப் பக்கம் ஒரே வாரத்தில் கீழே இறங்கிவிட்டது. மாமா மறுபடி அந்த நிறுவனத்தின் எண்ணைத் தேடுகிறார். ஜூன் 30 முதல் கூகுள் தன் மதிப்பீட்டு முறையை மொத்தமாகப் புதுப்பித்து வருகிறது. அது முடியும்வரை எதையும் தொடுவதில்லை என்று முடிவு.

ஜூலை 21

17-ஆம் தேதி புதுப்பிப்பு முடிந்தது. நெத்திலி பழைய இடத்துக்கு ஓர் அடி கீழே நிற்கிறது. பால் சுறா மேலே போயிருக்கிறது.

மேலே போனதும் சரக்கு தீர்ந்துவிட்டது. இல்லாத சரக்குக்கு எதற்குப் பக்கம், எடுத்துவிடு என்கிறார் அத்தை. எடுத்தால் அந்த முகவரிக்கு வருபவர்கள் 'பக்கம் இல்லை' என்பதைத்தான் பார்ப்பார்கள், கொஞ்ச நாளில் பட்டியலிலிருந்தும் போய்விடும் என்று விளக்கினேன். கடைசியில் பக்கம் இருக்கட்டும், மேலே 'இப்போது இருப்பு இல்லை' என்று எழுதினால் போதும் என்று ஒத்துக்கொண்டார். எழுதிவிட்டேன். சாயங்காலம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கேட்டு அரை மணி நேரம் அத்தையிடம் பேசினார். பேச்சு முழுக்கப் பூண்டின் அளவைப் பற்றி. பூண்டைக் கூட்டி எழுதச் சொல்லி இப்போது உத்தரவு வந்திருக்கிறது.