சௌத்தான் சந்தைக்கு ஒரு நாள்

ஜனவரி 3, இரவு

நாளைக்குப் பர்மாவின் சுதந்திர தினம், ஆபீஸ் லீவு. பெரியம்மாவோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சௌத்தான் ஊர்ச் சந்தைக்குப் போகிறேன். யாங்கூனில் கிடைக்காத எதை அங்கே போய் வாங்கப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். எல்லாம் இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் இங்கே வரும் மீன் ஐஸில் கிடந்து வருகிறது, கீரை நேற்றுப் பறித்ததாக இருக்கிறது, அதைவிட முக்கியமாக யாங்கூன் மொய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், நாளுக்கு நாள் மாவுக் கஞ்சியாகிக்கொண்டே போகிறது. தெருமுனைக் கடையில் போன வாரம் சாப்பிட்டதில் மீன் வாசனை மட்டும்தான் இருந்தது, மீனைக் காணோம். பொங்கலுக்குப் புது அரிசியும் பார்க்கவேண்டும். "வீட்ல ஒண்ணும் சாப்பிட்டுத் தொலைக்காதடி, அங்க போய்த்தான் சாப்பிடணும்" என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 4

விடியும் முன்பே பஸ். தன்லின் பாலத்தில் ஏறும்போது பெகு ஆற்றின் மேல் இன்னும் பனி இருந்தது. 1993இல் பாலம் வருவதற்கு முன்னால் படகில்தான் இந்த ஆற்றைக் கடக்கவேண்டும். தன்லின், அந்தக் காலத்துச் சிரியம், எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் மாதிரி. தாத்தா அங்கே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். 1942இல் ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரனே ஆலையை அழித்துவிட்டுப் போனான், அதன்பிறகுதான் தாத்தா சௌத்தான் பக்கம் வயல் வேலைக்கு வந்தார். பெரியம்மா பிறந்து வளர்ந்தது அங்கேதான். பஸ்ஸில் வலது பக்கம் எது, இடது பக்கம் எது என்று சொல்லிக்கொண்டே வந்தார். குன்றின் மேல் சைக்காவ் பகோடா தெரிந்ததும் ஒரு கும்பிடு, பீலிக்கான் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து இன்னொரு கும்பிடு.

சந்தைக்குள் நுழைந்ததும் நேராக மொய்ங்காக் கடை. நான்கு முக்காலி, ஒரு தாழ்ந்த மேஜை, கரி அடுப்பில் பெரிய அலுமினியப் பானை, அவ்வளவுதான் கடை. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கடைக்கார அம்மா வெள்ளை நூடுல்ஸைக் கையால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் குழம்பை ஒரு கரண்டி ஊற்றி, அதை அப்படியே பானைக்குள் வடித்து, நூடுல்ஸ் சூடாகிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில்தான் நிறைய ஊற்றினார். சுரைக்காய் பஜ்ஜியையும், பேஜோ என்கிற மொறுமொறு பருப்புப் பொரியலையும் கத்தரிக்கோலால் டக் டக்கென்று கிண்ணத்துக்கு மேலேயே நறுக்கிப் போட்டு, கொத்தமல்லி, பூண்டு தாளித்த எண்ணெய், பாதி வாத்து முட்டை, ஒரு துண்டு எலுமிச்சை.

குழம்பு தண்ணீராகத்தான் இருந்தது, ஆனால் அடியில் கெளுத்தி மீன் சதை உதிரி உதிரியாகக் கிடந்தது. வாழைத்தண்டு வட்டம் வட்டமாக, கடித்தால் நறுக்கென்று. எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் முதலில் மூக்குக்கு வந்தன, நாப்பி என்கிற புளித்த மீன், இறால் விழுதின் வாசனை பின்னால் மெதுவாக வந்தது. பெரியம்மா அந்த அம்மாவிடம் பர்மியமொழியில் விசாரித்தார். வறுத்த அரிசிமாவு கொஞ்சம், கடலைமாவு அதைவிடக் கொஞ்சம், குழம்பு நூடுல்ஸைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குப் போதும், மீதி எல்லாம் மீன்தான் என்றார். இதைத்தான் நானும் சொல்கிறேன். மாவு குழம்பைத் தாங்குவதற்குத்தான் இருக்கிறது, மீனுக்குப் பதிலாகப் போடுவதற்கு இல்லை. மீன் விலை ஏறிவிட்டது, யாங்கூன் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு மீனைப் போடுங்கள், நான் கொடுக்கிறேன்.

இன்னொரு கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்புறம் கருவாட்டு வரிசை. உலர்ந்த இறாலை வீசைக் கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்து, வாயில் போட்டு மென்று, உப்பு தூக்கலாக இருந்தால் துப்பிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். சாயம் ஏற்றாத இறால் வெளிர் ஆரஞ்சாக இருக்கும், பளிச்சென்று சிவப்பாக இருந்தால் தொடாதே என்பது அவர் கணக்கு. வாங்கினோம். ஓரத்தில் தமிழ் அக்கா ஒருத்தர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார், பர்மாக்காரர்களுக்குப் பிடித்த மாதிரி மேலே அவித்த பட்டாணியும் தக்காளியும் தூவி மொறுமொறுவென்று. இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போகிற உளுந்து விளைகிற நாடு இது, தோசை நன்றாக இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நடுப்பகலில் படகில் ஏலே பகோடாவுக்குப் போனோம். ஆற்று நடுவில் தீவில் இருக்கும் கோயில். படித்துறையில் தீனி போட்டால் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறக்கின்றன, கை நீளத்துக்கு இருக்கின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை.

திரும்பி வந்து கறிச்சோற்றுக் கடை. உள்ளம் மீன், வங்காளிகள் உயிரை விடுகிற அதே ஹில்சா, தக்காளியும் எலுமிச்சைப்புல்லும் போட்டுச் சிறு தீயில் மணிக்கணக்காக வேகவைத்தது. அத்தனை முள் இருக்கிற மீனை முள்ளோடு அப்படியே மென்று விழுங்கலாம், அந்த அளவுக்கு முள் வெந்து இளகிவிடுகிறது. கூடவே கேட்காமலே சூப்பும், பச்சைக் காய்கறித் தட்டும், தொட்டுக்கொள்ள நாப்பித் தண்ணியும் வந்துவிடும். பெரியம்மா வெள்ளரிக்காயை விட்டுவிட்டு இளம் மாங்கொழுந்தை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டார்.

அரிசிக் கடையில் புது பௌசான் வந்திருந்தது. ஒரு பை வாங்கினோம். புளிச்சக்கீரை இரண்டு கட்டு, மூங்கில் குருத்து. பஸ்ஸில் பை எல்லாம் மடியில்.

ஜனவரி 5

கீரை வாடுவதற்குள் செய்துவிட்டேன். வெங்காயம், பூண்டு, மஞ்சள், மிளகாயை எண்ணெயில் வதக்கி, இடித்த இறால், மூங்கில் குருத்து, கடைசியில் கீரை. தண்ணீர் ஊற்றவே கூடாது, புளிச்சக்கீரை தானே கரைந்து கூழாகும். நாப்பி சிறு நெல்லிக்காய் அளவு போட்டால் போதும். தம்பி கேட்டான், "அக்கா, இது கோங்குராவா, சிம்பாங்கா?" தெலுங்கில் கோங்குரா, பர்மியமொழியில் சிம்பாங், இரண்டும் புளிச்சக்கீரைதான். சோறு காலியாகிற வரைக்கும் பதில் சொல்ல எனக்கு வாய் ஒழியவில்லை.

ஜனவரி 8

பௌசானைச் சோதித்துப் பார்த்தேன். 2011இல் உலகத்தின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கிய ரகம் இது. குட்டை குட்டையாக உருண்டு இருக்கிற அரிசி, வெந்தால் நீளுகிறது, மூடியைத் திறந்ததும் கூடம் வரைக்கும் வாசனை. புது அரிசி என்பதால் வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைத்து வைத்தேன், அதுவே கொஞ்சம் குழைந்தது. பொங்கலுக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். பனைவெல்லம் போட்டு ஒரு கை அளவு சின்னதாகப் பொங்கிப் பார்த்ததில் நெய் இல்லாமலே நன்றாக இருந்தது.

பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அரிசிக் கடைக்காரரிடம் பேசி, சௌத்தான் பஸ்ஸில் இன்னொரு பை ஏற்றிவிடச் சொல்கிறாராம். இறங்கும் இடத்தில் தம்பி போய் நிற்கவேண்டும், 12ஆம் தேதிக்குள் வந்துவிடும்.