வெள்ளவத்தை அனெக்ஸும் ஒரு பழைய ஆர்ச்சி புத்தகமும்

கொழும்புக்கு வந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், மொழியும் தமிழ்தான், அதனால் ஊரில் யாரும் இதை வெளிநாடு என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "கோவில்பட்டியிலிருந்து மெட்ராஸ் போற நேரத்துல ரெண்டு தடவை போயிட்டு வந்துடலாமே" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வந்த பிறகுதான் வதிவிட விசாவுக்கு அலைவதும், வாடகைக்கு இடம் கேட்டு போன் பண்ணினால் "இந்தியாவோ?" என்று ஒரு நொடி தயங்குகிற குரலும், அந்த ரூபாயை இந்த ரூபாய்க்கு மாற்றி மாற்றி மனதில் போடுகிற கணக்கும் சேர்ந்து, இது வேறு நாடுதான் என்று புரியவைத்தன.

தமிழே கொஞ்ச நாள் தடுக்கிவிட்டது. ரொட்டி இங்கே பாண். அது சுலபம். ஆனால் வந்த முதல் வாரம் அலுவலகத்தில் "மேனேஜர் காலையில என்கிட்ட ரொம்ப நேரம் பேசினார்" என்று சொன்னேன், பக்கத்து மேசைக்காரர் முகம் வாடி, "பரவாயில்லை தம்பி, அவர் எல்லாரையும் அப்படித்தான், மனசில வைக்காதையும்" என்று ஆறுதல் சொல்லி பிளேன் டீ வாங்கிக்கொடுத்தார். இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதைத்தான் இவர்கள் கதைப்பது என்கிறார்கள். அன்றிலிருந்து நானும் கதைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் இன்னொன்றும் மாறியது, அதை மாமாவிடம் சொல்ல முடியாது. நான் ஆண்களை விரும்புகிற ஆண். 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவிலிருந்து எங்களை விடுவித்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன்; மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் பண்ணி, ஒன்றும் சொல்ல வராமல், அவளும் ஒன்றும் கேட்காமல், ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் எங்களைப் போன்றவர்களை "குணப்படுத்த" முயல்வதைத் தடுக்கச் சொன்னது, மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியலே கேட்டது. தன்பாலீர்ப்பு என்ற சொல்லை நான் கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகியது அந்தச் சமயத்தில்தான். இலங்கையில் 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் இருக்கிறது. 365, 365அ என்று இரண்டு பிரிவுகள், முதலாவதில் பத்து வருஷம் வரைகூடச் சிறை. வெள்ளைக்காரன் எழுதி இங்கேயும் அங்கேயும் வைத்துவிட்டுப் போன ஒரே மாதிரியான எழுத்து. 1995-இல் அதைத் திருத்தினார்கள், பெண்களையும் உள்ளே சேர்ப்பதற்காக. 2023-இல் இந்தக் குற்றத்தையே நீக்க ஒரு தனிநபர் மசோதா வந்தது, அதில் அரசியலமைப்புக்கு முரணாக எதுவும் இல்லை என்று இங்குள்ள உச்ச நீதிமன்றமும் சொன்னது, ஆனாலும் அது சட்டமாகவில்லை. யாரும் தினமும் கதவைத் தட்டிப் பிடித்துக்கொண்டு போவதில்லைதான். ஆனால் வீட்டுக்காரரிடம் சாவி வாங்கும்போது, போலீஸ் செக்பாயின்டில் ஓட்டோ நிற்கும்போது, முதுகுத்தண்டில் அது இருக்கிறது. வாங்கிய சுதந்திரத்தை விமான நிலையத்தில் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டின் அனெக்ஸ். முன்பகுதியில் வீட்டுக்கார அன்ரி தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், கொன்வென்ட்டில் படித்தவர், முப்பது வருஷம் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் ரயில் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும், அவர் அந்த அதிர்வோடு சேர்த்தே சாமி கும்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த ரயிலில் ஏறி மருதானைக்குப் போவேன். கடலோரமாகவே போகிற பாதை, கோட்டை தாண்டி அடுத்த நிறுத்தம். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள், மழைக்கு பொலித்தீன் கட்டி, சட்டப் புத்தகமும் சமையல் புத்தகமும் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். எனக்கு காமிக்ஸ் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. சிவகாசி எங்களுக்குப் பக்கத்து ஊர், 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன், எல்லாம் அப்பா சேர்த்து வைத்தது. அந்தக் கட்டுகளில் என்னைப் போல ஒருவனை நான் பார்த்ததே இல்லை. தேடினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படி ஒருவன் கதையில் வர முடியும் என்பதே தெரியாது.

வர முடியாது என்பதை எழுதியே வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1954-இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் இருப்பதையே அவர் சந்தேகப்பட்டார். அதே வருஷம் அமெரிக்கப் பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டார்கள். அதில் "பாலியல் பிறழ்வு" கூடாது, அதை ஜாடையாகச் சுட்டுவதுகூடக் கூடாது என்று ஒரு வரி. 1989-இல் திருத்தும்வரை முப்பத்தைந்து வருஷம். மார்வெலின் நார்த்ஸ்டார் 1979-இல் வந்த கனடா நாட்டு வீரன், அவன் தன்பாலீர்ப்பாளன் என்று உருவாக்கியவர்களுக்கே தெரியும், ஆனால் சொல்ல முடியாது. எண்பதுகளில் அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். எய்ட்ஸ் என்று எழுத இருந்த கதையை மாற்றி, அவன் பாதி தேவதை வம்சம், அதனால்தான் நோய் என்று முடித்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதனை மனிதன் என்று சொல்வதைவிட, தேவதை என்று சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. 1992-இல்தான் அவன் வாய் திறந்து சொன்னான். 2012-இல் அவனுக்குக் கல்யாணமே நடந்தது.

சொல்வதும் எப்படிச் சொல்வது என்பதும் வேறு வேறு. 2015-இல் எக்ஸ்-மென் கதையில் ஐஸ்மேன் இப்படித்தான் என்று காட்டினார்கள், ஆனால் அவன் சொல்லவில்லை, மனதைப் படிக்கிற ஜீன் கிரே அவனிடம் "நீ இப்படி" என்கிறாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் மற்றவர்கள் என்னைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது ஞாபகம் வந்தது. 2021-இல் சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட் இருபாலீர்ப்பாளன் என்று அறிவித்தபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது, நல்லதுதான், ஆனால் பறக்கிறவனை எனக்கு அவ்வளவு நெருக்கமாக நினைக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தவன் கெவின் கெல்லர். ஆர்ச்சி என்ற பையனும் ஜக்ஹெட், வெரோனிக்கா என்று அவன் சிநேகிதர்களும் வருகிற ஆர்ச்சி கதைகளில் 2010-இல் டான் பேரன்ட் கொண்டுவந்த பையன். அவர்கள் ஊரான ரிவர்டேலுக்குப் புதிதாக வருகிறான், ஜக்ஹெட்டோடு போட்டி போட்டு பர்கர் தின்கிறான், வெரோனிக்கா அவன் பின்னால் சுற்றுகிறாள், அவள்மேல் ஒன்றும் இல்லை, நான் கே, என்று ஜக்ஹெட்டிடம் சொல்கிறான். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, யாரும் சாகவில்லை, அடுத்த கட்டத்தில் மறுபடி சாப்பாடு. எழுபது வருஷமாக எந்த வீட்டிலும் அம்மாக்கள் பயப்படாமல் பிள்ளைகள் கையில் கொடுத்த புத்தகத்தில் அது வந்தது. அந்த இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடி அச்சடித்தார்கள். பிறகு 2014-இல் ஆர்ச்சியே கெவினுக்கு வந்த குண்டைத் தன் உடம்பில் வாங்கிச் செத்துப்போகிற கதை வந்தது. அதே வருஷம் கெவினின் கல்யாணம் வருகிற தொகுப்பை சிங்கப்பூர் தடை செய்தது. 2019-இல் ரியோ டி ஜெனிரோ மேயர் இன்னொரு காமிக்ஸில் இரண்டு பையன்கள் முத்தமிடும் படத்துக்காகப் புத்தகக் கண்காட்சியில் பறிமுதல் செய்யச் சொன்னார், இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய நாளிதழ் அந்தப் படத்தையே முதல் பக்கத்தில் போட்டது. அந்தப் பத்திரிகைக்காரர்களை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

போன ஐப்பசியில் மருதானைக் கடையில், ஈரம் பட்டு ஓரம் அலையலையாகச் சுருண்ட ஒரு கட்டில், கெவின் முதன்முதலாக வந்த அந்த வெரோனிக்கா இதழ் கிடைத்தது. 202-ஆவது. கடைக்காரர் அட்டையைத் துடைத்து, ஒன்றும் பார்க்காமல், இருநூறு ரூபாய் என்றார். வீட்டுக்கு வந்து ஈரம் காய முன் விறாந்தையில் பிரம்பு நாற்காலியில் விரித்து வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து பார்த்தால், அன்ரி மூக்குக்கண்ணாடியோடு அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.

"தம்பி, நான் கொன்வென்ட்டில படிக்கேக்க இது எங்களிட்ட கட்டுக்கட்டாக இருந்தது. சிஸ்டர் கண்டால் பறிப்பா. ஆனால் உந்தப் பெடியன் ஆர்? அப்ப உவன் இருக்கேல்லையே."

"புதுசா வந்தவன் அன்ரி. கெவின்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படித்தார். நான் துவாலையைத் தோளில் போட்டபடியே நின்றேன். ஒவ்வொரு பக்கமாக, விரலை எச்சில் தொட்டுத் திருப்பி. பர்கர் போட்டி வந்தபோது சிரித்தார். பிறகு ஒரு பக்கத்தில் விரல் நின்றது, வெகுநேரம் நின்றது, எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். கடல் பக்கம் ரயில் ஒன்று போய் முடிந்தது. அப்புறம் மீதியையும் படித்து முடித்து, மூடி, அட்டைச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. அவர் கேட்காததற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

"இதை ரெண்டு நாள் வைச்சிருக்கட்டோ?"

ரெண்டு நாள் என்றது மூன்று வாரம் ஆனது. நானும் கேட்கவில்லை. அந்த மூன்று வாரமும் நான் வேறு இடம் பார்க்க வேண்டி வருமோ என்று இரவில் வாடகை விளம்பரம் பார்த்ததும் உண்மை. ஆனால் பகலில் ஒன்றும் மாறவில்லை, வெள்ளிக்கிழமை சொதியும் இடியப்பமும் வழக்கம்போலத் தட்டு மூடி வந்தது. நவம்பர் மாதம் மழை விடாமல் பெய்த ஒரு மாலை, கரண்ட் போய்விட்டது, மெழுகுதிரியோடு விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். அப்போது சொன்னார்.

"எனக்கு அக்காட மகன் ஒருத்தன் இருக்கிறான். டொரன்டோவில. இங்க இருந்துதான் போனவன், இந்த அனெக்ஸிலதான் இருந்தவன், நீர் இருக்கிற அதே அறையில. போய்க் கொஞ்ச வருஷத்தில ஃபோன் எடுத்து, தான் இப்பிடி, ஒரு சிநேகிதனோட இருக்கிறன் எண்டு சொன்னவன். எல்லாரும் அவனை நல்லாப் பேசினது தம்பி. நானும் பேசினனான். பேந்து ஒருத்தரும் அவனோட கதைக்கேல்லை."

மெழுகுதிரியின் திரியைச் சரிசெய்தார். "பத்தொன்பது வருஷம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "அன்ரி" என்று மட்டும் சொன்னேன். "நீரும் உம்மட அம்மாவிட்டச் சொல்லேல்லை என்ன?" என்றார். இல்லை என்றேன். அக்காவுக்குத் தெரியும் என்றேன். "அது காணும் இப்போதைக்கு," என்றார், அவ்வளவு இயல்பாக, உப்புப் போதும் என்று சொல்கிற மாதிரி. கரண்ட் வந்தது, ரெண்டு பேரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போனோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கதவைத் தட்டி, "தம்பி, கனடாவுக்கு ஒரு புத்தகம் தபாலில போடுறதெண்டால் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். கையில் வெரோனிக்கா இதழ், பழைய நாள்காட்டித் தாளில் அட்டை போட்டு, மூலைகளை மடித்து ஒட்டி. உள்ளே ஒரு கடிதம் வைத்திருந்தார். தட்டச்சு செய்தது. கையால் எழுதினால் எழுத்து நடுங்குகிறது, அவன் பயந்துவிடுவான், என்றார். விலாசம் அவரிடம் இல்லை. அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார், அதற்கே மூன்று நாள் ஆகியிருக்கிறது, அக்கா முதலில் போனை வைத்துவிட்டாராம்.

வெள்ளவத்தைத் தபாலகத்துக்குக் குடைபிடித்து ரெண்டு பேரும் நடந்துபோனோம். நிறுத்துப் பார்த்த பெண் உள்ளே என்ன என்று கேட்டார். நான் புத்தகம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அன்ரி சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டார். வெளியே வந்த பிறகு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அக்காட மகனுக்குச் சின்னனில படிச்ச கதைப் புத்தகம் எண்டு சொன்னன்."

அது கார்த்திகை மாதம். இன்னும் பதில் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி பத்தரை, பதினொன்றுக்குக் கேட்கும், அன்ரி அந்த நேரத்தில் குளிக்கப் போவதில்லை. நான் மருதானைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஒரு சீட்டு தருகிறார், கெவின் வருகிற வேறு இதழ் இருந்தால் பார்க்கச் சொல்லி, விலை எவ்வளவானாலும் பரவாயில்லை என்று அடிக்கோடிட்டு.