செப்டம்பரில் வரவிருக்கும் மூன்று ஆல்பங்களும் ஜேசன் மொலினாவும்

இந்த 2025ஆம் ஆண்டில் நான் மிகவும் எதிர்பார்க்கும் ஆல்பங்களில் இரண்டு, செப்டம்பர் 5 என்ற ஒரே வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. ஒன்று பிக் தீஃப் குழுவின் 'டபுள் இன்ஃபினிட்டி'. மற்றொன்று, மறைந்த பாடகர் ஜேசன் மொலினாவின் பாடல்களை இளைய தலைமுறை இண்டி குழுக்கள் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராதவை) பாடி, ரன் ஃபார் கவர் என்ற பாஸ்டன் நகரத்து லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வெளியிடும் 'ஐ வில் ஸ்விம் டு யூ' என்ற அஞ்சலி ஆல்பம். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 19 அன்று, வெட்னஸ்டே குழுவின் 'ப்ளீட்ஸ்' வருகிறது. மூன்றையும் தனித்தனியே எதிர்பார்க்கத் தொடங்கிய நான், இப்போது மூன்றையும் ஒரே தொடராகவே பார்க்கிறேன். அந்தத் தொடரின் நடுவில் இருப்பவர் 2013இலேயே இறந்துபோன மொலினா.

புதிய ஆல்பத்துக்காகக் காத்திருப்பதும் அஞ்சலி ஆல்பத்துக்காகக் காத்திருப்பதும் ஒன்றல்ல. புதிய ஆல்பம் வருகிறது என்றால் நம் கையில் இருப்பவை முன்கூட்டியே தனிப்பாடல்களாக வெளியான இரண்டு மூன்று சிங்கிள்களும், அட்டைப்படமும், பாடல் தலைப்புகளின் பட்டியலும் மட்டுமே, மற்றதெல்லாம் ஊகம். அஞ்சலி ஆல்பத்தில் பாடல்கள் ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவை, பல சமயம் மனப்பாடமாகவே தெரிந்தவை. அங்கே எதிர்பார்ப்பு முழுவதும் எந்தப் பாடல் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதனால் அஞ்சலி ஆல்பத்தின் பாடல் பட்டியல் வெளியாகும் நாளே பாதி ஆல்பம் வெளியான மாதிரி. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் உள்ள பாடலைப் பார்த்து, அந்தக் குரலில் அது எப்படி ஒலிக்கும் என்று மனத்துக்குள்ளேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். பிறகு உண்மையான ஒலிப்பதிவு வரும்போது, அது மூலப் பாடலோடு மட்டுமல்லாமல் நாம் கற்பனை செய்த வடிவத்தோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தோற்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மொலினாவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர் 1973இல் பிறந்தவர். ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள லொரெய்ன் என்ற தொழிற்சாலை நகரத்தில் வளர்ந்தவர். 1996இலிருந்து 'சாங்ஸ்: ஓஹையா' என்ற பெயரில் பாடல்களை வெளியிட்டார். பெயர் ஒரு குழுவினுடையதாக இருந்தாலும் நிலையான உறுப்பினர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆல்பத்துக்கு ஆல்பம் மாறிக்கொண்டே இருந்தார்கள். இண்டியானா மாநிலத்தின் ப்ளூமிங்டனில் இயங்கிய சீக்ரட்லி கனேடியன் லேபிள் அவருடைய ஆல்பங்களை வெளியிட்டது. நிலா, ஆந்தை, ஏரி, நெடுஞ்சாலை, ஆலைப்புகை, பேய் என்று அவருடைய பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மிகக் குறைவு. அந்தச் சிறு கையிருப்பை வைத்துக்கொண்டே, அடுத்த ஊருக்குக்கூடப் போக முடியாத ஒருவனின் தனிமையை அவர் ஆல்பம் ஆல்பமாக எழுதினார். உயர்ந்த சுருதியில் நடுங்கி எழும் அவருடைய குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. 'ஐ வில் ஸ்விம் டு யூ' என்ற தலைப்பும் அவருடைய 'லயனெஸ்' பாடலின் வரியிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

அவருடைய ஆல்பங்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது 2003இல் வெளியான 'மக்னோலியா எலெக்ட்ரிக் கோ.' சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியின் எலெக்ட்ரிகல் ஆடியோ ஸ்டூடியோவில், முந்தைய ஆண்டின் கோடையில், எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கப் பதிவான ஆல்பம் அது. ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் அதன் முதல் பாடல் 'ஃபேர்வெல் டிரான்ஸ்மிஷன்' பெரிய ஒத்திகை எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது என்பது மொலினா ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது ஆல்பத்தின் பிற்பகுதியில் இருக்கிறது. 'தி ஓல்ட் பிளாக் ஹென்' பாடலை லாரன்ஸ் பீட்டர்ஸ் என்பவரிடமும், 'பியோரியா லஞ்ச் பாக்ஸ் ப்ளூஸ்' பாடலைப் பாடகி ஸ்கௌட் நிப்லெட்டிடமும் பாடக் கொடுத்துவிட்டு, தன்னுடைய ஆல்பத்திலேயே மொலினா ஒதுங்கி நின்றுகொண்டார். தன் குரலே தன் முத்திரை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் இதைச் செய்தார். முதல் முறை கேட்கும்போது பீட்டர்ஸின் கனத்த கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) குரல் வந்ததும் தட்டு மாறிவிட்டதோ என்றுதான் தோன்றும். எனவே மொலினாவின் பாடல்களைப் பிறர் பாடலாமா என்ற கேள்விக்கு அவரே 2003இல் பதில் சொல்லிவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாடலான 'ஜஸ்ட் பி சிம்பிள்' இப்போது எம்.ஜே. லெண்டர்மனிடம் போயிருக்கிறது, புதிய அஞ்சலி ஆல்பத்திலிருந்து முன்கூட்டியே வெளிவந்திருக்கும் பாடல் அது. வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் ஊர்க்காரரான லெண்டர்மன், 2024இல் வெளியான 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' மூலம் பரவலாக அறியப்பட்டவர். மொலினாவின் குரல் கூரையைத் தொட முயல்வது என்றால், இவருடையது தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பாதி கொட்டாவியோடு பேசுவதைப் போன்றது. அவர் மொலினாவைப் போலப் பாட முயலவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். அஞ்சலி ஆல்பங்களில் நான் அதிகம் அஞ்சுவது, மரியாதையின் மிகுதியால் மூலக் குரலின் நடுக்கத்தையும் சேர்த்து நகலெடுக்கும் பாடகர்களை. பட்டியலில் இருக்கும் மற்றவர்களில் ஹேண்ட் ஹேபிட்ஸ், சன் ஜூன், ஃபிரெண்ட்ஷிப், ஹார்ஸ் ஜம்பர் ஆஃப் லவ் ஆகியோர் எல்லாருமே தணிந்த குரலில், மெதுவான தாளத்தில் வேலை செய்பவர்கள். நகல் ஆபத்து குறைவு. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தணிந்துவிட்டால், மொலினாவின் பாடல்களில் திடீரென்று வெடித்து எழும் கிட்டார் இரைச்சலை யார் கொண்டுவருவார்கள் என்ற கவலை மீதி இருக்கிறது. ஹார்ஸ் ஜம்பர் ஆஃப் லவ் குழுவை நம்பியிருக்கிறேன்.

இந்த வகை ஆல்பங்களுக்கு இண்டி உலகில் நல்ல பரம்பரை உண்டு. 1989இல் கனடியப் பாடகர் நீல் யங்குக்காக வந்த 'தி பிரிட்ஜ்' அதில் முக்கியமானது. சோனிக் யூத், பிக்சீஸ், டைனோசர் ஜூனியர், ஃபிளேமிங் லிப்ஸ் ஆகிய குழுக்கள் அதில் பாடின. வருமானத்தின் ஒரு பகுதி, பேச்சிலும் உடல் இயக்கத்திலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக கலிஃபோர்னியாவில் நடக்கும் பிரிட்ஜ் பள்ளிக்குப் போனது. சோனிக் யூத் 'கம்ப்யூட்டர் ஏஜ்' பாடலைத் தேர்ந்தெடுத்தது அந்த ஆல்பத்தின் மிகக் கூர்மையான முடிவு. நீல் யங்கின் ரசிகர்களே முகம் சுளித்த 1982ஆம் ஆண்டின் மின்னணு ஆல்பமான 'டிரான்ஸ்' தொகுப்பில் இருந்த பாடல் அது. எல்லாருக்கும் பிடித்த பாடலைப் பாடுவது எளிது. கைவிடப்பட்ட பாடலை எடுத்து, இதிலும் ஒன்று இருக்கிறது என்று காட்டுவதைத்தான் நான் அஞ்சலி என்று கருதுகிறேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, லெ இன்ராக்யுப்திப்ள் என்ற பிரெஞ்சுப் பத்திரிகை கனடியக் கவிஞரும் பாடகருமான லெனர்ட் கோஹனுக்காக 'ஐ'ம் யுவர் ஃபேன்' ஆல்பத்தைத் தொகுத்தது. அதன் கடைசிப் பாடலாக, வெறும் பியானோவோடு ஜான் கேல் பாடியது 'ஹாலெலூயா'. 1984இல் கோஹன் அதைப் பதிவு செய்தபோது அந்த ஆல்பத்தை வெளியிடவே அவருடைய அமெரிக்க நிறுவனம் மறுத்துவிட்டது. பாடலை அதிகம் பேர் கவனிக்கவில்லை. கேல் பாடிய வடிவத்தைக் கேட்டுத்தான் ஜெஃப் பக்லி அதை எடுத்துக்கொண்டார். 1994இல் 'கிரேஸ்' ஆல்பத்தில் அவர் பாடியதற்குப் பிறகு அந்தப் பாடல் எங்கெல்லாம் போனது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்று உலகம் முழுவதும் பாடப்படுவது பெரும்பாலும் அஞ்சலி ஆல்பத்தின் கடைசிப் பாடலிலிருந்து கிளைத்த வடிவமே.

எல்லா முயற்சிகளும் இப்படி அமைவதில்லை. தி நேஷனல் குழுவின் டெஸ்னர் சகோதரர்கள் 2016இல் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்காகத் தொகுத்த 'டே ஆஃப் தி டெட்' 59 பாடல்கள் கொண்டது. எய்ட்ஸ் நிவாரணத்துக்காக இயங்கும் ரெட் ஹாட் அமைப்புக்காகச் செய்யப்பட்ட அதன் நோக்கத்தில் குறை காண முடியாது; தி வார் ஆன் டிரக்ஸ் பாடிய 'டச் ஆஃப் கிரே' இன்றும் நான் கேட்பது. ஆனால் முழுவதையும் ஒரே அமர்வில் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2023இல் மறைந்த ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்குக்காக வந்த 'தி எண்ட்லெஸ் கலர்ட் வேஸ்' வேறு வழியில் போனது. மூல ஒலிப்பதிவை மறந்துவிட்டுப் பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாடகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ஃபொன்டெய்ன்ஸ் டி.சி. குழு அதை உண்மையாகவே பின்பற்றி, 'செல்லோ சாங்' பாடலை இரைச்சலும் வேகமுமாக மாற்றியது. எனக்கு அந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

மொலினாவுக்கு இது முதல் அஞ்சலி ஆல்பம் அல்ல. 2011இல் அவர் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சையில் இருப்பதாகவும் மருத்துவச் செலவுக்கு உதவி தேவைப்படுவதாகவும் குடும்பத்தின் சார்பில் அறிவிப்பு வந்தது. 2013 மார்ச் 16 அன்று, 39 வயதில், இண்டியானாபொலிஸில் இறந்தார். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவருக்காக ஆல்பங்கள் வந்தன. அமெரிக்க இண்டி உலகில் அஞ்சலி ஆல்பமும் மருத்துவமனை ரசீதும் அடிக்கடி சந்தித்துக்கொள்கின்றன. தண்டுவட மரப்பு நோயால் பாதிக்கப்பட்ட விக்டோரியா வில்லியம்ஸுக்காக 1993இல் வந்த 'ஸ்வீட் ரிலீஃப்' ஆல்பம், பின்னர் நலிந்த இசைக்கலைஞர்களுக்கான நிதி அமைப்பாகவே வளர்ந்தது. 2018இல் வாக்ஸஹாச்சியும் கெவின் மோர்பியும் சேர்ந்து 'ஃபேர்வெல் டிரான்ஸ்மிஷன்' பாடி வெளியிட்ட சிங்கிளின் வருமானமும் இசைக்கலைஞர்களுக்கு உதவும் மியூசிகேர்ஸ் அமைப்புக்குத்தான் போனது. மரணத்தின் அதிர்ச்சியில் வந்த முந்தைய ஆல்பங்களுக்கும் இப்போதைய ஆல்பத்துக்கும் இடையே ஒரு வேறுபாட்டை எதிர்பார்க்கிறேன். முன்பு பாடியவர்களில் பலர் மொலினாவோடு மேடையில் நின்றவர்கள். இப்போது பாடுகிறவர்களில் பலருக்கு அவர் பழைய இசைத்தட்டுகளில் மட்டுமே கிடைக்கும் ஒரு குரல். துக்கம் குறைந்திருக்கும், துணிச்சல் கூடியிருக்க வேண்டும்.

அந்தத் துணிச்சல் வெட்னஸ்டே குழுவிடம் ஏற்கெனவே இருக்கிறது. லெண்டர்மன் கிட்டார் வாசிக்கும் குழு அது. பாடல்களை எழுதிப் பாடுபவர் கார்லி ஹார்ட்ஸ்மன். ஸாண்டி செல்மிஸின் பெடல் ஸ்டீல் கிட்டார் அழுதுகொண்டிருக்கும்போதே மற்ற கிட்டார்கள் கூச்சலிடும் அவர்களுடைய ஒலியை முதலில் 2023இன் 'ராட் சா காட்' ஆல்பத்தில் கேட்டபோது, 'மக்னோலியா எலெக்ட்ரிக் கோ.' ஆல்பத்தை ஷூகேஸ் (கிட்டார் இரைச்சலில் குரலை மூழ்கடிக்கும் ராக் வகை) குழு ஒன்று வாங்கிப் பிரித்துப் போட்டதைப் போலிருந்தது. ஹார்ட்ஸ்மன் எழுதுவது மொலினாவின் நிலவையும் ஆந்தையையும் அல்ல; பெட்ரோல் நிலையங்கள், ஊர்வம்பு, பள்ளிக்கால விபத்துகள் என்று பெயரும் விலாசமும் உள்ள செய்திகள். ஆனாலும் சொந்த ஊரை விட்டு வெளியே போகாமலேயே ஒரு முழு உலகத்தைப் பாடிவிட முடியும் என்ற நம்பிக்கையில் இருவரும் ஒன்றுதான். 2022இல் இந்தக் குழு பிறர் பாடல்களை மட்டுமே பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டதும் தற்செயல் அல்ல. தங்கள் கடன்களைப் பகிரங்கமாக எழுதி வைத்த பிறகுதான் 'ராட் சா காட்' வந்தது. 'ப்ளீட்ஸ்' ஆல்பத்திலிருந்து வந்த 'எல்டர்பெர்ரி வைன்' இதுவரை அவர்கள் செய்தவற்றிலேயே மிக மென்மையான கன்ட்ரி பாடல். மற்ற சிங்கிள்களில் இரைச்சல் குறையவில்லை. லெண்டர்மன் இனிக் குழுவோடு சுற்றுப்பயணம் போவதில்லை என்று முடிவெடுத்திருப்பதால், இந்த ஆல்பத்தின் கிட்டார்களைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கேட்கப்போகிறேன்.

பிக் தீஃப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்களை எதிர்பார்க்க யாருக்கும் சிபாரிசு தேவையில்லை. பேஸ் கிட்டார் கலைஞர் மாக்ஸ் ஒலியார்ச்சிக் விலகிய பிறகு மூவராக நிற்கும் குழு, நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் பல விருந்தினர்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்பது பாடல்களைப் பதிவு செய்திருக்கிறது. 'கிராண்ட்மதர்' பாடலில் முதுபெரும் கலைஞர் லராஜியின் குரல் இருக்கிறது. 2022இல் இருபது பாடல்கள் கொண்ட இரட்டை ஆல்பம் வெளியிட்டவர்கள் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆல்பங்கள் உலகம் முழுவதும் வெள்ளிக்கிழமையில் வெளியாவது 2015 ஜூலையிலிருந்துதான். அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். இப்போது அந்தந்த நாட்டின் நள்ளிரவில் வெளியாவதால், நியூயார்க்கில் வியாழக்கிழமை மதியமாக இருக்கும்போதே நமக்கு இங்கே கிடைத்துவிடும். செப்டம்பர் 5 அன்று நான் முதலில் கேட்கப்போவது மொலினா ஆல்பத்தைத்தான். பிக் தீஃப் அன்று மாலை வரை காத்திருக்கலாம்.

மொலினாவை இதுவரை கேட்காதவர்களுக்கு இடையில் சில வாரங்கள் இருக்கின்றன. 'மக்னோலியா எலெக்ட்ரிக் கோ.' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அதன் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2013இல் வந்த விரிவான பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. பீட்டர்ஸுக்கும் நிப்லெட்டுக்கும் கொடுத்துவிட்ட அந்த இரண்டு பாடல்களையும் தனியே கிட்டாரோடு மொலினாவே பாடிப் பார்த்த மாதிரிப் பதிவுகள் அதில் உள்ளன. ஆனால் ஆல்பத்தில் இருக்கும் வடிவங்களை முதலில் கேளுங்கள்.