முதலில் இருக்கை, பிறகு கைப்பிடி: சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய சைக்கிளைச் சீரமைக்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் மட்டுமன்றி, அந்நகரின் புறநகரான சாட்ஸ்வொர்த்தின் ஏற்ற இறக்கங்களிலும் ஓட்டுவதற்காக, அண்ணன் கொடுத்த பழைய மலைச் சைக்கிளை என் உடலுக்கேற்ப அமைத்து வருகிறேன். அவர் என்னைவிட நல்ல உயரம் என்பதால், இருக்கை எனக்கு மிகவும் மேலேயும் கைப்பிடி எட்டாத் தொலைவிலும் இருந்தன. இருக்கையை நகர்த்தினால் கைப்பிடிக்கான தூரமும் மாறிவிடும். ஆகவே இருக்கை ஒரு நிலைக்கு வரும்வரை கைப்பிடியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

உப்புக் காற்றில் இருக்கைத் தண்டு சட்டத்துக்குள் இறுகிப் போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் திருகித் திருகியே வெளியே எடுத்தேன். அலுமினியத் தண்டு என்பதால் துடைத்து கிரீஸ் தடவினேன்; கார்பன் தண்டாக இருந்தால் கிரீஸ் கூடாது, அதற்கென உள்ள பசையையே பூச வேண்டும். தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு எப்போதும் சட்டத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் தண்டோ சட்டமோ முறியக்கூடும்.

உயரத்துக்கு, என் உள்கால் அளவான (கவட்டிலிருந்து தரை வரை) 80 செ.மீ.யை 0.883 ஆல் பெருக்கி, பெடல் தண்டுகள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை ஏறத்தாழ 70.6 செ.மீ. வைத்தேன். சுவரைப் பிடித்து அமர்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வைத்தபோது கால் நேராக நீண்டது. பாதத்தின் முன்பகுதியை வைத்ததும் முழங்கால் சற்றே மடங்கியது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், உயர்ந்திருந்தால் பின்புறமும் வலிப்பது வழக்கம். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் அதுவும் உயரம் கூடியதன் அடையாளமே. கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை இருக்கையின்மேல் வைத்துச் சமமாக்கினேன். முனை கீழே சாய்ந்தால் உடல் முன்னே சறுக்கி, கூடுதல் எடை உள்ளங்கைகளில் இறங்கும்.

அதன்பின்தான் கைப்பிடிக்கு வந்தேன். கைப்பிடியை முன்சக்கரக் கவையின் தண்டோடு இணைக்கும் துண்டான ஸ்டெம்மின் மேலிருந்த வளையங்களைக் கீழே மாற்றியதால் கைப்பிடி உயர்ந்தது. மீண்டும் பூட்டும்போது பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள்: மேல்மூடியின் போல்ட்டை முன்பக்க ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மைத் திருப்பிய பின்னரே பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துபவை அந்தப் பக்க போல்ட்டுகள்தாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக் கைப்பிடியைத் திருகியபோதும் அது நழுவவில்லை.

பிரேக் நெம்புகோல்களை, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும்படி கீழ்நோக்கிச் சாய்த்தேன். இங்கே சாலையின் இடப்புறம் ஓட்டுகிறோம். வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்டும்போது இடக்கையில் பின் பிரேக் இருப்பதே பாதுகாப்பு. முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால், ஒற்றைக்கையில் ஓட்டுபவர் நிலைகுலையக்கூடும். கைப்பிடியின் திறந்த முனைகளிலும் மூடிகள் செருகினேன். விழும்போது வெறுங்குழாய் வயிற்றைக் கிழித்துவிடும்.

முன்பு இருந்த மணிக்கட்டு வலி இப்போது இல்லை. நீண்ட ஏற்றங்களில் மட்டும் இருக்கையின் முனையை நோக்கி நகர்ந்துவிடுகிறேன் என்பதால், அடுத்ததாக இருக்கையை 5 மி.மீ. முன்னே தள்ளி, உயரத்தை மறுபடியும் அளந்து பார்க்கப் போகிறேன்.