ரெலிகிராம் மேப்பும் பெரியப்பான்ர ரேடியோவும்

அக்கான்ர மூத்தவன் உக்ரேன் சண்டை தொடங்கின நாள்ல இருந்து ரெலிகிராமே கதியெண்டு கிடக்கிறான். ரஷ்யாவில மிலிட்டரி ப்ளொகர் எண்டு கொஞ்சப்பேர், சிலர் முந்தி ஆமியில இருந்தவை, சண்டை லைனுக்குப் போய்வந்து எழுதுறவை, அவை போடுற, ஆர் எந்த இடத்தைப் பிடிச்சிருக்கினமெண்டு காட்டுற சிவப்பு நீல மேப்பை விரலால பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாக்கிறான். பேப்பர்காரர் பிந்தித்தான் எழுதுவினமாம், அதுவும் வழவழா எண்டு, இவையெண்டா உள்ளதை உடன சொல்லுவினமாம்.

அவன் சொல்லுறது முழுப்பிழையும் இல்லை. 2022 செப்டெம்பர்ல கார்கிவ் பக்கம் ரஷ்ய லைன் உடையேக்க அவையின்ர பாதுகாப்பு அமைச்சு 'படைகளை மீள ஒழுங்குபடுத்துறம்' எண்டு அறிக்கை விட்டது, உந்த ப்ளொகர்மார்தான் அடி வாங்கிப்போட்டம் எண்டு திட்டித் திட்டி எழுதினவை. பின்வாங்கினதை 'தந்திரோபாயப் பின்நகர்வு' எண்டு சொல்லக் கேட்டு வளந்த எங்களுக்கு அந்த அறிக்கைக்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனா அந்த வாய்க்கும் ஒரு அளவு வைச்சிருக்கினம், உந்த ப்ளொகர்மாரில ஒருத்தர், கிர்கின் எண்டவர், புட்டினையே ஏச வெளிக்கிட்டு 2024 ஜனவரியில 4 வருசம் மறியல் வாங்கினவர்.

வன்னியில புலியளோட ஆமி நடத்தின ஜெயசிக்குறு சண்டை நடக்கேக்க, 97ல, நாங்கள் வன்னிக்குள்ள மல்லாவியில. ஆமி பற்றரி உள்ள விடமாட்டாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் பெடல் சுத்த, டைனமோவில இருந்து வயர் இழுத்துப் பெரியப்பா ரேடியோவைக் காதோட வைச்சிருப்பார், என்ர கை சோர்ந்தா செய்தி வாசிக்கிறவற்ற குரலும் அமந்துபோகும், "டேய் சுத்தடா!" எண்டு கத்துவார். கொழும்பு ரேடியோ ஒரு கணக்கு, புலிகளின் குரல் வேற கணக்கு, பிபிசி தமிழோசை ரெண்டையும் சொல்லிப்போட்டு விடும். பெரியப்பா கணக்கைக் காதில விழுத்துறேல்லை. இடத்தின்ர பேர் வந்தாக் காணும், விடிய றோட்டுக்கரையில போய் நிப்பார். வாற மாட்டுவண்டில்ல என்ன ஏத்திக்கிடக்கெண்டு பாக்க. கூரைத்தகரம், கதவுநிலை வரைக்கும் கழட்டி ஏத்தியிருந்தா லைன் இன்னும் தூரத்தில. சட்டிபானையும் பிள்ளையளும் மட்டுமெண்டா நேர வீட்ட வந்து பெரியம்மாட்ட பையைக் கட்டச் சொல்லுவார். ஒருக்காலும் பிழைச்சதில்லை (ஒருக்கா பிழைச்சது, அது வேற கதை).

2008 செப்டெம்பர்ல ஐநாவும் என்ஜிஓக்களும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க சனம் கேற்றடியில நிண்டு போகாதேங்கோ எண்டு கெஞ்சினது. அதுக்குப் பிறகு வெளி ஊடகக்காரருக்கு ஆமி கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினதுதான் வன்னி. 2009 ஓகஸ்ட்ல லண்டன் ரீவி சனல் 4 போட்ட வீடியோ, ஆக்களைக் கையைக் கட்டி உடுப்பில்லாமல் இருத்திச் சுடுறது, அது ஆமிக்காரன் ஒருத்தன் தன்ர போனில எடுத்ததெண்டுதான் வெளியில கொண்டுவந்தவை சொன்னவை. உலகத்துக்குக் காட்டோணுமெண்டு எடுத்திருக்கமாட்டான், கூட்டாளிமாருக்குக் காட்ட எடுத்திருப்பான். அதைச் செய்தியாக்க ஒரு ரீவி வேண்டிக்கிடந்தது. அரசாங்கம் பொய்யெண்டது. ஐநா ஆள் நிபுணர்மாரை வைச்சுப் பாத்து, உண்மை போலத்தான் கிடக்கெண்டு சொல்ல 2010 ஜனவரி ஆகிட்டுது. மருமோன் நக்கலடிக்கிற அந்தப் பிந்தின வேலை இதுதான். ஆனா ஆமிக்காரன் எடுத்திராட்டி அவை எதைப் பாத்திருப்பினம்?

நேற்று அவனிட்டக் கேட்டன், உந்த மேப்பில இப்ப நிறம் மாறின ஊர்ச்சனம் எந்த றோட்டால வெளிக்கிட்டதெண்டு. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளித் தேடினான். அதுக்குள்ள அக்கா சாப்பிடக் கூப்பிட்டிட்டா.